தாய்ப்பூனையின் ஞாபகமும் கரும்புத் தோட்டத்துக் குருளைகளும்

ஆண்டுதோறும் கரும்பு வெட்டும் பருவம் தொடங்கியதும் மைசூர், மண்டியா மாவட்டங்களிலிருந்து ஒரே விதமான செய்தி வருகிறது. வெட்டும் ஆட்கள் தோட்டத்தின் நடுப்பகுதியை அடைகிறார்கள். சோகைக்கு இடையில் இரண்டோ மூன்றோ சிறுத்தைக் குட்டிகள் கண் திறந்தும் திறவாமலும் கிடக்கின்றன. ஊர் கூடுகிறது. குட்டிகளை மடியில் வைத்துப் புகைப்படம் எடுக்கிறார்கள். பிறகு வன இலாகா ஊழியர் ஒருவர் கூடையுடன் வருகிறார். மறுநாள் பத்திரிகையில், 'தாயை இழந்த குட்டிகள் மீட்பு' என்பது போன்ற ஒரு தலைப்பு காணப்படுகிறது.

இத்தலைப்பில் ஐயத்துக்கு இடமற்ற சொல் 'குட்டிகள்' ஒன்றே. (தொல்காப்பிய மரபியல் புலியின் பிள்ளைக்குக் 'குருளை' என்றும் காட்டுப்பூனையாகிய வெருகின் பிள்ளைக்குக் 'குட்டி' என்றும் பெயர் வகுத்திருத்தலின், தமிழாசிரியர்கள் அதிலும் குறை காணக்கூடும்.) அக்குட்டிகள் பெரும்பாலும் தாயை இழந்தவை அல்ல, கூடையில் ஏற்றும் அந்தக் கணத்திலேதான் இழக்கின்றன. ஆகவே நடந்தது மீட்பும் அன்று. நல்லெண்ணத்துடன் செய்யப்படும் இச்செயல் எவ்வாறு தீங்காய் முடிகிறது என்பதை அறிய, பூனை இனத்துத் தாய் எதை நினைவில் வைத்திருக்கிறது, அதன் குட்டி எதை நினைவில் வைத்திருக்கிறது என்னும் இரண்டையும் சிறிது ஆராய வேண்டும்.

முதலில், சிறுத்தை கரும்புக்குள் வந்த வரலாறு. கிருஷ்ணராஜசாகர அணை 1911இல் தொடங்கப்பட்டு 1930களின் தொடக்கத்தில் நிறைவெய்தியது. அதிலிருந்து பிரிந்த விசுவேசுவரய்யா கால்வாய், மானாவாரிப் புன்செயாக இருந்த மண்டியாப் பகுதியைக் கரும்பு நிலமாக்கியது. 1933இல் மண்டியாவில் மைசூர் சர்க்கரைக் கம்பெனி ஏற்பட்டது. ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து, பல மாதங்கள் எவரும் உட்புகாமல், ஈரமும் நிழலும் கொண்டு நிற்கும் கரும்புத் தோட்டம் ஒரு சிறு வனமே ஆகும். அதனுள் பன்றி உண்டு. அதனை அடுத்த ஊரில் நாய் உண்டு, ஆடு உண்டு. கன்னடத்தார் 'சிரதெ' என்றழைக்கும் சிறுத்தைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அது அங்கே வழி தவறி வந்த விருந்தாளி அன்று, குடியிருப்பது. பெண் சிறுத்தை அங்கேயே ஈன்று அங்கேயே பால் கொடுக்கிறது. இரை தேடிச் செல்லும்போது குட்டிகளை மறைவில் கிடத்திவிட்டுப் போகிறது. பகலில் அரிவாள் அங்கு வந்து சேரும் என்பது அதற்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

சிறுத்தையின் தாய்மையைச் சோதனைச்சாலையில் ஆராய்வது எளிதன்று. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பிராணி நம் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. வீட்டுப்பூனையில் கண்டதையெல்லாம் சிறுத்தைக்கும் அப்படியே பொருத்திவிடலாகாது என்பது உண்மைதான். எனினும் மறைவிடத்தில் ஈனுதல், தனியே வளர்த்தல், பிடரியைக் கவ்வி இடம் மாற்றுதல், தானே வேட்டை பழக்குதல் ஆகிய முக்கியமான இயல்புகளில் இரண்டும் ஒரே வழியைப் பின்பற்றுகின்றன.

பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாறும் என்று நம் ஊர்ப்புறங்களில் சொல்வதுண்டு. ஏழு என்ற கணக்கை விட்டுவிட்டால், கூற்று மெய்யே. ஓரிடத்தில் தொந்தரவு ஏற்பட்டாலும், மலமும் மணமும் சேர்ந்து பகை விலங்குகளுக்குக் காட்டிக் கொடுக்கும் நிலை வந்தாலும், தாய் குட்டிகளை வேறிடம் சேர்க்கும். ஒரு வாய்க்கு ஒரு குட்டிதான். நான்கு குட்டிகளை மாற்ற நான்கு நடை வேண்டும். கடைசிக் குட்டியைக் கொண்டு சேர்த்த பிறகும் பழைய இடத்துக்கு வெறுமனே ஒருமுறை வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும் பூனையைப் பலரும் கண்டிருப்பர். இந்த நடைகளுக்கு இடையில் பழைய இடத்தில் இரண்டு குட்டிகளும் புதிய இடத்தில் இரண்டு குட்டிகளும் தனித்துக் கிடக்கும். அந்த வேளையில் அவ்வழியே வரும் மனிதர் 'ஐயோ, தாய் விட்டுவிட்டுப் போய்விட்டதே' என்று இரங்கி ஒன்றை எடுத்துக்கொண்டு போவார். தாய் திரும்பி வந்து தேடும். அவர் அதைப் பார்ப்பதில்லை, பார்த்திருந்தால் எடுத்திருக்கமாட்டார்.

மற்றொரு நம்பிக்கை இதைக் காட்டிலும் கெடுதலானது. 'மனிதர் கை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது' என்பர். பள்ளிச் சிறுவர் முதல் அனுபவம் மிக்க ஊழியர் வரை பலர் இதைக் கூறக் கேட்கலாம். குட்டியை ஒருவர் தொட்டுவிட்டார், இனி அதைத் திருப்பி வைத்துப் பயனில்லை என்ற முடிவுக்கு இந்த நம்பிக்கையே காரணமாகிறது. இதற்கு ஆதாரம் இல்லை. மெக்சிகோ நாட்டில் ஆக்சானா பான்செகி, பீட்டர் சென்சி, ராபின் ஹட்சன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் தாய்ப்பூனைகளை வைத்துச் செய்த சோதனை ஒன்று 2017இல் வெளியாயிற்று. தன் குட்டியின் மணத்தையும் அயல் குட்டியின் மணத்தையும் தாய்ப்பூனை பிரித்தறியும் திறன் உடையது என்பது அதில் தெளிவாயிற்று. ஆனால் கூட்டுக்கு வெளியே வைத்த குட்டிகளைக் கவ்விச் சேர்க்கும்போது, தன் குட்டி, அயல் குட்டி என்ற வேற்றுமையை அது பாராட்டவே இல்லை. அறிய முடியும், ஆயினும் ஒதுக்குவதில்லை. வேறொரு பூனையின் குட்டியையே ஏற்றுக் காக்கும் தாய், தன் குட்டியின் மேல் ஒட்டிய சிறிது வியர்வை மணத்துக்காக அதை விலக்கும் என்று எண்ண இடமில்லை.

ஜெர்மனியில் ஹானோவர் நகர விஞ்ஞானிகள் 2016இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இங்கே பொருந்தும். சிறிது கலக்கமுற்ற குட்டியின் குரலையும் பெரிதும் கலக்கமுற்ற குட்டியின் குரலையும் பதிவு செய்து, வளர்ந்த பூனைகளின் அருகே ஒலிக்கச் செய்தார்கள். கலக்கம் மிகுந்த குரலுக்குப் பெண் பூனைகள் விரைவாகத் திரும்பின. ஆண் பூனைகளிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை.

குட்டியின் பக்கத்தைப் பார்ப்போம். கண் திறவாத, காது சரிவரக் கேளாத நிலையில் பிறக்கும் பூனைக்குட்டிக்கு நினைவு என்று ஒன்று இருக்குமா என ஐயுறலாம். இருக்கிறது, அது மூக்கின் வழியாகத் தொடங்குகிறது. பிறந்த சில நாட்களுக்குள் ஒவ்வொரு குட்டியும் தாயின் மடியில் தனக்கென்று ஒரு காம்பை வரித்துக்கொள்கிறது. உடன்பிறந்தவற்றின் நெரிசலிலும் அதையே தேடிச் சேர்கிறது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜே ரோசன்பிளாட் 1960களில் செய்த சோதனைகளில், கண் திறவாத குட்டிகளைத் தம் மூலையிலிருந்து சிறிது தூரம் எடுத்து வைத்தபோது, மணத்தைப் பற்றிக்கொண்டே அவை தம் இடத்துக்கு ஊர்ந்து திரும்பக் கற்றன. நான்கு வாரக் குட்டிகள், மறைவிலிருந்து வரும் தாயின் குரலை, அதேபோல் ஈன்ற பிற பூனைகளின் குரலினின்று பிரித்தறிகின்றன என்பது 2016இல் அதே மெக்சிகோக் குழுவினரால் வெளியிடப்பட்டது. பால் மறந்து தாயைப் பிரிந்து மாதங்கள் கழிந்த பின்னரும் தாயின் மணம் குட்டிக்கு மறப்பதில்லை என்றும் அவர்களுடைய பிற்கால ஆராய்ச்சி காட்டுகிறது.

மைசூருக்கு வடக்கே இராமாநுசர் வாழ்ந்த மேல்கோட்டை இருக்கிறது. அவர் வழிவந்த வைணவப் பெரியோர், இறைவன் உயிரைக் காப்பதற்கு உவமையாகக் குரங்குக்குட்டி நியாயம், பூனைக்குட்டி நியாயம் என இரண்டைக் கூறினர். குரங்குக்குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டி யாதும் செய்யாது, தாயே கவ்விச் செல்லும். தத்துவத்தில் புகுவது இவ்விதழின் வேலையன்று. ஆயினும் பிராணி நூலின்படி பார்த்தால், பூனைக்குட்டி முற்றிலும் சும்மா இருப்பதில்லை. தாய் பிடரியைக் கவ்வியதும் கால்களை மடக்கி உடலைத் தளரவிட்டுத் தூக்க வசதி செய்கிறது; தனித்திருக்கும்போது குரலால் தன் இடத்தை அறிவிக்கிறது. தாய் தேடுகிறது, குட்டி கூப்பிடுகிறது. இந்த இரண்டும் சந்திப்பதற்கு இடமும் நேரமும் வேண்டும். குட்டியை அவ்விடத்தினின்று இருபது கல் தொலைவுக்கு ஜீப்பில் கொண்டுபோய்விட்டால், தாயின் ஞாபகம் எத்துணைக் கூர்மையாயினும் பயன் என்ன?

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தாய்ப்பூனையின் ஞாபகத்தை மனிதத் தாயின் ஏக்கமாகக் கற்பனை செய்யலாகாது. சில நாட்கள் தேடும். உண்ணுவார் இன்மையால் பால் வற்றும். பின்னர் அடுத்த பருவத்துக்கு உடல் ஆயத்தமாகும். கவிஞருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். களத்தில் பணிபுரிவோருக்கோ இதுவே மிக முக்கியமான செய்தி. காலதாமதம் செய்ய இடமில்லை என்பது இதனால் பெறப்படும். முதல் இரவே சிறந்த இரவு.

தாயிடமிருந்து பிரிந்த குட்டி இழப்பது பால் மட்டுமன்று. பாலைப் புட்டியிலும் கொடுத்துவிடலாம். சீன நாட்டு விஞ்ஞானி ஸிங்-யாங் குவோ 1930இல் வெளியிட்ட சோதனை இன்றும் படிக்கத் தக்கது. எலி பிடிக்கும் தாயுடன் வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலி கொல்லக் கற்றன. தனிமையில் வளர்ந்த 20இல் 9 மட்டுமே கொன்றன. எலியுடனேயே சேர்த்து வளர்த்த 18இல் கொன்றவை மூன்றே. அமெரிக்காவில் பில்லிஸ் செஸ்லர் 1969இல் வெளியிட்டது வேறு வகைச் சோதனை. ஒரு நெம்புகோலை அழுத்தினால் உணவு கிடைக்கும் என்பதைக் குட்டிகள் கற்க வேண்டும். தாய் செய்வதைப் பார்த்த குட்டிகள், அறிமுகமற்ற பெண்பூனை செய்வதைப் பார்த்தவற்றைவிட விரைவில் கற்றன. எவர் செய்வதையும் பாராமல் தாமாகவே முயன்றவை கற்கவே இல்லை. கற்பிப்பவர் யார் என்பதைப் பொறுத்துக் கல்வி வேறுபடும் என்பது ஆசிரியர்களாகிய வாசகர்களுக்குப் புதிய செய்தியன்று.

வீட்டுப்பூனை எலி பிடிக்கக் கல்லாவிடில் மோசம் போவதொன்றுமில்லை. வீட்டில் சோறு உண்டு. சிறுத்தையின் நிலை வேறு. அது ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் தாயுடன் வாழ்ந்து, எதைப் பிடிப்பது, எங்கே பதுங்குவது, எவரிடமிருந்து விலகுவது என்பனவற்றைப் பழகுகிறது. கடைசியாகச் சொன்னதே நமக்கு மிகவும் வேண்டியது. மனிதனைக் கண்டு விலக வேண்டும் என்று தாயிடம் பழகாமல், மனிதன் கையால் பாலுண்டு வளர்ந்த சிறுத்தையைக் காட்டில் விடுவது ஊருக்கும் ஆபத்து, அதற்கும் ஆபத்து. ஆகவே அது கூண்டிலேயே வாழ நேர்கிறது.

மைசூரில் 1892இல் நிறுவப்பட்ட சாமராஜேந்திர மிருகக்காட்சிசாலை இந்தியாவின் பழமையான நல்ல நிலையங்களுள் ஒன்று. அதன் மேற்பார்வையில் நகர்ப்புறத்தே கூர்களியில் ஒரு மீட்பு நிலையம் நடந்து வருகிறது. காட்டுக்குத் திரும்ப இயலாத புலிகளும் சிறுத்தைகளும் அங்கே பராமரிக்கப்படுகின்றன. அங்குள்ள ஊழியரின் உழைப்பைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. ஆனால் ஒவ்வொரு சிறுத்தையும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழும். நாள்தோறும் இறைச்சி, கூண்டு, காவல், மருத்துவம் எல்லாம் வேண்டும். தாயிடம் ஓர் இரவில் ஒப்படைத்திருக்கக்கூடிய குட்டிக்கு இத்தனையும் செலவிடுவது இரக்கத்தின் பெயரால் நடக்கும் வீண் செலவு என்பதே என் அபிப்பிராயம்.

ஒப்படைக்க முடியுமா? முடியும் என்பதை மகாராஷ்டிர மாநிலம் ஜுன்னர் வட்டாரம் காட்டியிருக்கிறது. அதுவும் கரும்புப் பிரதேசமே. அங்குள்ள வன ஊழியர்களும் மாணிக்டோ சிறுத்தை மீட்பு நிலையத்து மருத்துவர்களும் பல ஆண்டுகளாகக் குட்டிகளைத் தாயிடம் சேர்த்து வருகிறார்கள். கர்நாடகத்திலும் இம்முறை கையாளப்பட்டு வருகிறது. ஆயின் எங்கும் எப்போதும் அன்று. முறை மிக எளியது. குட்டிகளை மருத்துவர் பார்த்து, காயமோ நீர்வற்றலோ இன்மையை உறுதி செய்கிறார். மாலை மங்குமுன், அவை கிடந்த அதே இடத்தில், காற்றோட்டமுள்ள ஆழமான ஒரு பெட்டியில் வைக்கிறார்கள். குட்டி தானே ஏறி ஓடிவிடக் கூடாது; தாய் சாய்த்து எடுக்க முடிய வேண்டும். பெட்டிக்கு எதிரே தானியங்கிப் புகைப்படக் கருவி ஒன்று. பிறகு அனைவரும் தொலைவுக்குப் போய்விட வேண்டும். இதுதான் கடினமான பகுதி. இருட்டியதும் தாய் வருகிறது, சுற்றுகிறது, முகர்கிறது, ஒவ்வொன்றாகப் பிடரியைக் கவ்விக் கொண்டு செல்கிறது. முதல் இரவு வராவிடில் இரண்டாம் இரவும் மூன்றாம் இரவும் முயல்வது வழக்கம்.

ஊராரின் அச்சத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 2022ஆம் ஆண்டின் இறுதியிலும் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் மைசூர் மாவட்டம் திருமகூடலு நரசிப்புரா வட்டத்தில் சிறுத்தைகளால் மனித உயிர்கள் பலியாயின. அதன் விளைவாக 2023 ஜனவரியில் மைசூரில் தனிச் சிறுத்தைப் படை அமைக்கப்பட்டது. மகனையோ மகளையோ பறிகொடுத்த ஊரில் நின்று 'குட்டியைத் தாயிடம் சேர்ப்போம்' என்று கூறுவது எளிதன்று. 'எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போங்கள்' என்பார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய விடை இதுதான்: குட்டிகளை எடுத்துச் செல்வதால் சிறுத்தை ஊரைவிட்டுப் போய்விடாது. தாய் அங்கேயே இருந்து, தேடி, கலங்கித் திரியும். தாயையும் பிடித்து வேறு காட்டில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஜுன்னரே சான்று. வித்யா ஆத்ரேயாவும் அவருடைய கூட்டாளிகளும் 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, சிறுத்தைகளைப் பிடித்து அயலிடத்தில் விடும் திட்டம் அங்கே தொடங்கிய பின்னர், மனிதர் மீதான தாக்குதல்கள் ஆண்டுக்கு 4 என்ற சராசரியிலிருந்து 17க்கு உயர்ந்தன. அதே 2011இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சு வெளியிட்ட நெறிமுறைகளும் இவ்வாறு இடம் மாற்றுவதை ஊக்குவிக்கவில்லை.

விவசாயியின் கஷ்டம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும்; அறிவுரை கூறுவோர் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டது. ஆட்களுக்குக் கூலி பேசியாயிற்று. லாரி வரப்பில் நிற்கிறது. வெட்டிய கரும்பு காயக் காய எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். இந்நிலையில் 'இன்று வேலையை நிறுத்துங்கள்' என்றால் அவர் என்ன செய்வார்? இரவுக்குள் குட்டிகளை எவரேனும் கொண்டுபோனால் போதும் என்றே நினைப்பார். முழுத் தோட்டத்தையும் நிறுத்த வேண்டியதில்லை. குட்டிகள் கிடந்த இடத்தைச் சூழ ஒரு துண்டு நிலத்தை மட்டும் வெட்டாமல் விட்டால் போதுமானது. அந்த ஒரு துண்டுக்கு ஏற்படும் தாமதத்தையும் கூலி நஷ்டத்தையும் இலாகா ஈடுசெய்ய வேண்டும். ஒரு சிறுத்தையை ஆயுள் முழுதும் கூண்டில் வைத்துத் தீனி போடும் செலவோடு ஒப்பிட்டால் இது அற்பத்தொகை.

இன்னுமொன்று: ஆண்டு அறிக்கைகளில் மீட்கப்பட்ட குட்டிகளின் எண்ணிக்கை பெருமையுடன் இடம்பெறுகிறது. தாயிடம் ஒப்படைக்கப்பட்டவை, ஒப்படைக்க முயன்று முடியாமற் போனவை, முயற்சியே செய்யாமல் கொண்டுவரப்பட்டவை என மூன்று பத்திகள் தனித்தனியே இருக்குமானால், அறிக்கை வேறு கதை சொல்லும். இரவு முழுவதும் விழித்திருந்து குட்டியை அங்கேயே விட்டு வந்த வனக்காவலருக்குப் புகைப்படமும் இல்லை, பாராட்டும் இல்லை. கூடையில் தூக்கி வந்தவருக்கு இரண்டும் உண்டு.

விதிவிலக்கு உண்டு. தாய் இறந்து கிடந்தாலோ, குட்டி காயமுற்றிருந்தாலோ, எடுத்துத்தான் ஆக வேண்டும். இதற்கு மறுதலையான ஒரு நிலைமையையும் ஊழியர் கவனிக்க வேண்டும். ஊராரின் முறையீட்டின் பேரில் வைத்த கூண்டில் பெண் சிறுத்தை அகப்பட்டால், அதை அப்புறப்படுத்துமுன் மடியைப் பார்த்தல் அவசியம். காம்புகள் பருத்துப் பால் சுரந்திருப்பின், அருகில் எங்கோ குட்டிகள் அதன் குரலுக்காகக் காத்துக்கொண்டிருக்கின்றன என்று கொள்ள வேண்டும்.

ஆசிரியர்களுக்கு இப்பொருளில் வேலை நிறைய உண்டு. கருவி எதுவும் தேவையில்லை. பள்ளி ஓட்டுக்கூரையிலோ விறகுக் குவியலிலோ பூனை ஈன்றிருந்தால், மாணவர்கள் தொலைவிலிருந்து பார்த்து நாட்குறிப்பு எழுதட்டும்: எத்தனை குட்டி, எத்தனை முறை இடம் மாற்றியது, எந்த வேளையில், எந்தக் குட்டியை முதலில், முதல் இரையை எந்த வாரத்தில் கொண்டுவந்தது. தொடக்கூடாது என்று சொல்லும்போது அதன் உண்மைக் காரணத்தையே சொல்லவேண்டும். தாய் விலக்கிவிடும் என்பதற்காக அன்று, தொந்தரவுக்கு அஞ்சித் தாய் இடம் பெயரும், அந்த அலைச்சலில் குட்டி தவறிவிடக்கூடும் என்பதற்காக. கண் திறந்ததும் குட்டியைப் பையில் போட்டு உறவினர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கத்தையும் வகுப்பில் பேசலாம். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் ஏறக்குறைய 6,000 பூனைகளைப் பற்றித் திரட்டி 2017இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எட்டு வாரத்துக்கு முன்பே பிரிக்கப்பட்ட பூனைகளிடம் மூர்க்கம் மிகுந்திருப்பது காணப்பட்டது. பதினான்கு வாரம் வரை தாயுடன் விடுதல் நலம் என்று அவர்கள் பரிந்துரைத்தனர்.

கரும்பு நாட்டுப் பள்ளிகளில் வெட்டுப் பருவம் தொடங்கும் வாரத்தில், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இரண்டு நிமிஷம் இதற்கு ஒதுக்கலாம். வெட்டுவோரின் பிள்ளைகளே அங்கு அமர்ந்திருக்கிறார்கள். அன்று மாலையே செய்தி தோட்டத்துக்குப் போய்விடும். குட்டியைக் கண்டால் அரிவாளை நிறுத்துங்கள், கூட்டம் சேர்க்காமல் பின்னால் நகருங்கள், வனக்காவலருக்கு ஆள் அனுப்புங்கள், கண்ட இடத்தில் ஒரு கழி நட்டு அடையாளம் வையுங்கள். அடையாளம் ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மாலையில் பெட்டியை வைக்க வேண்டியது சரியாக அந்த இடத்தில்தான்; வெட்டி முடித்த வயலில் எல்லா இடமும் ஒன்றுபோலவே தோன்றும்.